குப்பை என்று பதிவான 16 சென்ட்

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில், வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடந்தன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் கலந்துகொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கிராம சபைபோல நமக்கும் ஒன்று வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று கூறும் 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

எங்கள் குடியிருப்பில் 16 சென்ட் பொது இடம் ஒன்று இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் மனைப்பிரிவு போடுபவர்கள் பொதுவாகச் சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியின்படி வந்த இடம் அது. திறந்தவெளி ஒதுக்கீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தால் எல்லோரும் அதை 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்றே சொல்வார்கள். வேலி கிடையாது, பலகை கிடையாது. கருவேலமும், கட்டட இடிபாடும், சுற்றுவட்டாரத்துக் குப்பையும்தான் இருந்தன. அதைப் பூங்காவாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவோ அங்கே மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர செயலாக்க மையம் அமைக்கும் யோசனையில் இருந்தது.

நான் முதலில் கலந்துகொண்ட பகுதி சபைக்கு நாற்பது பேர்கூட வரவில்லை. ஆனால் கோரிக்கைகள் அறுபதைத் தாண்டின. தெருவிளக்கு, அடைத்த சாக்கடை, நாய்த் தொல்லை, முதியோர் உதவித்தொகை என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. நான் எழுந்து பத்து நிமிடம் பேசினேன், கைதட்டலும் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு லாரி வந்து குப்பையை அள்ளிச் சென்றது. கோரிக்கை 'தீர்வு செய்யப்பட்டது' என்றார்கள். அடுத்த வாரமே அதே இடத்தில் மீண்டும் குப்பை விழுந்தது.

கவுன்சிலரிடம் கேட்டு அந்தக் கூட்டத்தின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. நீலக் கோடு போட்ட நீள நோட்டில், என் பத்து நிமிடப் பேச்சுக்கு எதிரே ஒரே வரி எழுதப்பட்டிருந்தது: 'ஓ.எஸ்.ஆர். இடம் – குப்பை – சு.பி.' சு.பி. என்றால் சுகாதாரப் பிரிவு. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது கோரிக்கைகளை எழுதுகிறவருக்கு முதலில் காதில் விழுந்த சொல்லே தலைப்பாகும்; என் பேச்சில் முதல் ஐந்து நிமிடமும் குப்பையைப் பற்றியே இருந்தது. முப்பது ஆண்டுகள் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவன் நான். முகவரி தவறினால் கடிதம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்த சபைக்குள் பகுதியின் சார்பில் வார்டு குழுவுக்கு என் பெயர் போனது. அந்தக் குழுவில் உட்கார்ந்த பிறகுதான் பிரிக்கும் முறை தெளிவானது. உதவிப் பொறியாளர் தம் அதிகாரத்தில் முடிக்கக்கூடியவற்றைத் தனியாகவும், மதிப்பீடு தயாரித்து நிதி கேட்க வேண்டியவற்றைத் தனியாகவும் ஒதுக்குகிறார்கள். கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தின் தீர்மானம் இல்லாமல் நகரவே முடியாதவை மட்டுமே மேலே போகின்றன. எது அதிக வேதனை தருகிறது என்று யாரும் கேட்பதில்லை. யார் முடிவெடுக்க வேண்டியது என்றுதான் கேட்கிறார்கள். இது எனக்கு முதலில் கல்நெஞ்சமாகப் பட்டது. ஆனால், சாக்கடை அடைப்பை மாமன்றம் வரை கொண்டுபோய் விவாதிப்பதால் யாருக்குப் பயன் என்று யோசித்தபோது அதிலுள்ள நியாயம் தெரிந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். இம்முறை மனுவில் குப்பை என்ற சொல்லே இல்லை. 'பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற பயன்பாட்டுக்காகத் தானமாகப் பெறப்பட்ட இந்த இடத்தை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கலாமா என்பதை மாமன்றம் முடிவு செய்ய வேண்டும்' என்று ஒரே வாக்கியமாக எழுதி, பத்திர நகலை இணைத்தேன். வார்டு குழு ஏற்றது. மண்டலக் குழு பரிந்துரைத்தது. இடையில் கோப்பு எங்கோ மூன்று மாதம் உறங்கியது.

மாமன்றக் கூட்டத்தன்று பார்வையாளர் பகுதியில் இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் 70க்கும் மேற்பட்ட பொருள்கள், எங்களுடையது 61. முதல் இருபதுக்குப் பிறகு எண்களை மட்டும் மளமளவென்று வாசித்தார்கள். 'ஆல் பாஸ்' என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான் போலும் என்று நினைத்தேன். 61 என்ற எண்ணும் காதைக் கடந்துகொண்டிருந்த வேளையில் எங்கள் கவுன்சிலர் எழுந்து, "இந்தப் பொருளை மட்டும் விவாதத்துக்கு எடுக்கணும்" என்றார். இன்னும் இரண்டு வார்டுகளின் உறுப்பினர்கள், தங்கள் பகுதியிலும் இதே சிக்கல் இருப்பதாகச் சொல்லி உடன் எழுந்தார்கள். ஏறக்குறைய கால் மணி நேரம் பேசினார்கள். உர மையத்துக்கு மாற்றிடம் பார்க்கவும், மாநகராட்சியின் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடங்கள் அனைத்தையும் அளந்து பட்டியலிடவும் சொல்லிப் பொருளை ஒத்திவைத்தார்கள்.

பூங்கா இன்னும் வரவில்லை. சென்ற மாதம் நில அளவையர் வந்து கல் ஊன்றினார். இடம் 16 சென்ட் இல்லை, பதினான்கரைதான் இருக்கிறது. மீதி ஒன்றரை சென்ட் யாருடைய சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.