ரத்ததான முகாமுக்கு இன்னும் இரண்டு கார் தேவை

சனிக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரத்ததான முகாம். தொண்டூழியர் கேட்டதும் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் மழை! அதை நம்பி நாற்காலி அடுக்க முடியுமா? ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, என்ன வேலை, எத்தனை மணி வரை என்று சொல்லிக் கேட்டேன். அப்புறம்தான் உண்மையான பதில் வந்தது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்காமார்களுக்குக் காலையில் வேலை வைக்கவில்லை. மதியத்துக்கு மேல் சாப்பாட்டுப் பக்கம் வருவார்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் பதிவு மேசைக்கு. மலாய் மொழிப் படிவத்தைச் சட்டென்று நிரப்புவார்கள். 17 வயதுக்காரர் ரத்தம் கொடுக்க வந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருக்கிறதா, எடை 45 கிலோவாவது தேறுமா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பசியாறாமல் வருபவர்களை அதட்டி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஊட்ட எங்கள் மாமி இருக்கிறார், கவலையில்லை.

தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆள் ஏற்றிவர இரண்டு கார் மட்டும் குறைகிறது. முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாங்க.