தரைக்கு அடியில் எரியும் ஊர்

"தீப்பிடித்தால் அணைத்துவிட வேண்டியதுதானே?" என்று எங்கள் பனியன் கம்பெனியில் ஒருவர் சுலபமாகக் கேட்டுவிட்டார். ஜார்க்கண்டின் ஜரியாவில் நிலத்தடி நிலக்கரித் தீ முதலில் பதிவானது 1916இல். இன்னும் எரிகிறது!

காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி சுடுகிறவர்களைக் கேளுங்கள். குழியை மூடிக் காற்றை நிறுத்தினால் தீ அடங்கிவிடும். ஜரியாவில் எதை மூடுவது? கரியை எடுத்துவிட்டு, சரியாக நிரப்பாமல் விட்ட சுரங்கங்கள். வெடிப்பு வழியாகக் காற்று இறங்குகிறது. காற்றுப் பட்டால் நிலக்கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு பையன், ஜரியா இருக்கும் தன்பாத் மாவட்டத்துக்காரன், போனில் வீடியோ காட்டினான். சுவர் முழுக்க விரிசல், வாசலில் புகை, அதன் பக்கத்திலேயே கொடியில் துணி. "மழை பெய்தால் புகை இன்னும் அதிகம், அண்ணா" என்றான்.

அமெரிக்காவின் சென்ட்ரேலியாவிலும் 1962 முதல் இதே கதை. அங்கே பணம் கொடுத்து ஏறக்குறைய ஊரையே காலி செய்தார்கள். ஜரியாவுக்கும் 2009இல் மறுகுடியமர்வுத் திட்டம் வந்தது; பெல்காரியாவில் அடுக்குமாடி வீடுகளும் கட்டினார்கள். கரி பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு அங்கே வீடு இருக்கிறது, வேலை எங்கே? போக மாட்டேன் என்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.