கீலின் வலப்பக்கம் முடிந்தது, இடப்பக்கம் அப்படியே கிடக்கிறது

புதன் பின்னேரப் பாய்ப்படகுப் பந்தயத்தில் திருத்திய நேரப்படி மூன்றாவதாக வந்திருக்கிறோம். ஸ்பின்னேக்கர் (முன்னால் பலூன்போல் விரிகிற பெரிய பாய்) இல்லாத வெள்ளைப்பாய்ப் பிரிவுதான், காற்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் எங்களுக்கு முன்னே வந்த இரண்டும் முப்பது அடியைத் தாண்டிய படகுகள். எங்களுடையது கற்றலினா 22 என்கிற சின்னப் பாய்ப்படகு. உள்ளே பிள்ளைகளின் தூண்டில்கள், ஐஸ் பெட்டி, அடுப்பு, கையில் தூக்கிப்போகிற கக்கூஸ் எல்லாம் உண்டு. 1969இல் வெளிவரத் தொடங்கி 15,000க்கு மேல் விற்ற படகு இது. வடிவமைத்த பிராங்க் பட்லர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் பிள்ளைகுட்டியோடு இரண்டு இரவு தங்குவதைத்தான் மனதில் வைத்திருப்பார். ரொறன்ரோ வெளித்துறையில் மிதவைக்கு மிதவை அடிபடுவதை நினைத்திருக்க மாட்டார்.

கணக்கு தெரியாதவர்கள் "கடைசியாக வந்துவிட்டு மூன்றாமிடம் என்கிறாயே" என்று சிரிக்கிறார்கள். எங்கள் பந்தயத்தில் 650ஐ, 550உடன் படகின் பிஎச்ஆர்எஃப் எண்ணை (மெதுவான படகுக்குக் கூடிய எண் தருகிற சலுகைக் கணக்கு) கூட்டி வருவதால் வகுத்து, அதை ஓடிய நேரத்தோடு பெருக்குகிறார்கள். எங்கள் எண் 270 வாக்கில். நாங்கள் ஒரு மணி நேரத்தில் முடித்தால், எண் 120 உள்ள படகு 49 நிமிடத்துக்குள் முடித்திருந்தால்தான் எங்களை வெல்லும். ஆனால் அந்த எண், அடி வழுவழுப்பாக, பாய் நல்லதாக இருக்கிற படகுக்குக் கொடுத்த எண். கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் நிற்கிற இரும்புத் தகடு, துருப்பிடித்திருக்கிறதென்று யாரும் சலுகை தருவதில்லை. அந்தத் துருவைப் பல வருடமாக இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

"புது ஜெனோவா (பெரிய முன்பாய்) வாங்கு" என்பதுதான் கிளப்பில் எல்லாரும் சொல்லும் மருந்து. பாய் விற்கிறவர் சொன்னால் பரவாயில்லை, வாங்கிக் கடன்பட்டவரும் அதையேதான் சொல்கிறார். இந்தப் படகின் நீர்க்கோடு, அதாவது தண்ணீரைத் தொடுகிற நீளம், பத்தொன்பது அடி சொச்சம். மேல்வேகம் அந்த நீளத்தைப் பொறுத்தது, ஆக 5.9 நொட் (மணிக்குக் கடல்மைல்) அளவில்தான். கோடையில் மத்தியானச் சோளகம் நல்லாக அடிக்கும், ஆறரை மணி தாண்டினால் கரை குளிர்ந்து காற்றும் படுத்துவிடும். பாதிப் பந்தயம் மூன்று நொட்டில்தான் போகிறது. அந்த வேகத்தில் படகைப் பிடித்து இழுப்பது அலை அல்ல, பெரும்பாலும் தண்ணீர் அடியில் உரசுகிற உரசல். ஆகவே காசு பாய்க்கல்ல, கீலுக்கு என்று முடிவெடுத்தேன். மனிசிக்கும் அது பிடித்தது, கீல் வேலையில் செலவு குறைவு என்று நான் சொல்லியிருந்தேன்.

கழற்றிய கதையை விடுகிறேன், ஊஞ்சல் கீல் (கம்பியால் தூக்கி இறக்குகிற கீல்) வைத்திருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். 250 கிலோ வார்ப்பிரும்பு, ஸ்காபரோ வீட்டுக் கராஜில் இரண்டு மரக்குதிரைகள் மேல் பக்கவாட்டில் படுத்திருந்தது. படுத்திருக்கிற பொருளில் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் வேலை செய்யலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருவை அரைத்து இரும்பைப் பளபளவென்று ஆக்குவது அழுக்கு வேலை, ஆனால் கஷ்டமான வேலை இல்லை. அரைத்த அன்றைக்கே எபொக்சி (வன்மையூட்டி கலந்தால் இறுகுகிற பிசின்) பூச வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் செம்மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். பூசினால் மட்டும் போதாது. எபொக்சி ஈரமாக இருக்கும்போதே கம்பித் தூரிகையால் இரும்புக்குள் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க, தெளிவாக இருந்த எபொக்சி சாம்பல் நிறமாக மாறும். தூரிகையின் கீழிருந்து வருகிற புது இரும்பு காற்றைக் காணாமல் நேரே எபொக்சியைத்தான் காண்கிறது. இதைச் செய்யாதவர்களின் கீலில் இரண்டு வருடத்தில் பூச்சு கொப்புளித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஏரியில் உப்பில்லையே என்று வாதாடுகிறவர்களுக்கு ஒன்று: வெளியே பூசப்போவது படகடியில் பாசி பிடிக்காமலிருக்கச் செம்புத்தூள் கலந்த விசி-17 பூச்சு. செம்பு நேரே இரும்பில் பட்டால் நன்னீரிலும் தன் வேலையைக் காட்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது குளிர். ஏப்ரலில் கராஜுக்குள் ஹீட்டர் போட்டு, சுவரில் மாட்டிய வெப்பமானி 18 பாகை காட்டுகிறது. வெஸ்ட் சிஸ்டம் என்கிற எபொக்சி வகையின் 205 வன்மையூட்டி 5 பாகையிலேயே வேலை செய்யும், 206க்கு 16 பாகை வேண்டும். நிரப்பிப் பூசி இழுக்க அவகாசம் வேண்டுமென்று 206ஐத்தான் கலந்தேன். மறுநாள் நகத்தால் அழுத்தினால் பதிகிறது. அதற்கடுத்த நாளும் பதிகிறது. அகச்சிவப்பு வெப்பமானியை இரவல் வாங்கிக் கீலைச் சுட்டினால் 7 பாகை! காற்று சூடாகிவிட்டது, கால் தொன் இரும்பு மாரிகாலத்தை விட்டு வெளியே வரவில்லை. பிறகு தார்ப்பாயால் கூடாரம் கட்டி, கீலுக்குக் கீழே ஹலோஜன் விளக்குகளை வைத்து, கரண்ட் பில்லைப் பற்றிப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன். இரும்பு 20 பாகைக்கு வந்த பிறகு அதே கலவை ஒரே இரவில் கல்லாகிவிட்டது. யாராவது "எபொக்சி இறுகவில்லை, கடைக்காரன் பழைய சரக்கைத் தந்துவிட்டான்" என்று எழுதினால் முதலில் இரும்பின் சூட்டைப் பாருங்கள்.

வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இடங்களுக்குப் பலகையில் அச்சு வெட்டினேன். நாகா நான்கு இலக்கக் குடும்பம் (விமான இறக்கைக்கென்று வகுத்த குறுக்குவெட்டு வடிவங்கள்), முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் அதிக தடிப்பு. வார்ப்பு அச்சோடு பொருந்துகிற இடம் கொஞ்சம், மற்றதெல்லாம் பள்ளம். பரந்த பள்ளங்களுக்கு எபொக்சியில் கலக்கிற, தேய்க்க இலகுவான 410 தூள், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில். நிலத்தில் அடிபடுகிற நுனிக்கு மட்டும் கடினமாக இறுகுகிற 404 தூள், அதைத் தேய்ப்பதற்குள் தோள் கழன்றுவிடும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் மேலே வழுக்கலாக வருகிற படலத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். கறுப்பு ஸ்பிரேயை மெல்லத் தூவி, நீளப் பலகையில் 80ஆம் நம்பர் தாளை ஒட்டி, குறுக்கும் மறுக்கும் சாய்வாக இழுத்தால் மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும்.

மாமா வல்வெட்டித்துறைக்காரர். கதிரையைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை. "தம்பி, உங்கை இன்னும் ஒரு கறுப்பு நிக்குது, பாருங்கோ" என்பார். நான் அச்சைப் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் அன்னபூரணிக் கப்பலின் கதை வந்துவிடும்: "எங்கட ஊரிலை கட்டின கப்பல் 1938இலை அமெரிக்காவிலை குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அதுக்கு என்ன அட்டை வெட்டிப் பிடிச்சுப் பார்த்தவையோ?" ஆனால் கையால் தடவி, கறுப்பு காட்டாத பள்ளத்தையும் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்ணைவிட விரல் நுனிக்கு அதிகம் தெரிகிறது.

வலப்பக்கம் கண்ணாடியாகிவிட்டது. புரட்டினோம். இடப்பக்கத்தை அரைத்துத் தடுப்புப் பூச்சு பூசியதோடு பாரந்தூக்கிக்காரன் வருகிற தேதி வந்துவிட்டது. அதை விட்டால் ஜூன் நடுப்பகுதிதான் என்றார்கள். எனவே ஒரு பக்கம் பந்தயக் கீலும் மறுபக்கம் பழைய வார்ப்பின் மேடுபள்ளமுமாக இறக்கிவிட்டோம்.

வேடிக்கை இங்கேதான். கீலின் காற்றுப்பக்க முகத்தில்தான் உறிஞ்சல் அதிகம், மேடுபள்ளம் கெடுப்பதும் அங்கேதான். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி ஓடும்போது அந்த முகம் நான் தேய்த்த முகம். அந்தப் பக்கம் ஓடும்போது மூக்கு காற்றை நோக்கி இரண்டு மூன்று பாகை கூடுதலாக நிற்கிறது, வேகமும் விழுவதில்லை. மறுபக்கம் திரும்பினால் பழைய கற்றலினா. பாய்மரம் சாய்ந்திருக்குமோ என்று நிலைக்கம்பிகளின் இழுவையை இரண்டு பக்கமும் மானி வைத்துப் பார்த்தாயிற்று, சமம். பந்தய விதி 10இன்படி வலக்காற்றில் ஓடுகிறவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும். வேகமும் உரிமையும் ஒரே பக்கம் கிடைத்தால் யார் விடுவார்? புதன்கிழமை முடிந்தவரை பாதையின் இடப்பக்கம் நீளமாக ஓடி, ஒரே ஒரு தடவை திரும்பினோம். மகள் ஜெனோவாக் கயிற்றோடு காற்றிறங்கு பக்கத்தில், மனிசி முன்னுக்கு. பின்பக்கம் தண்ணீரில் இழுபடாமல் மூக்கைக் கொஞ்சம் அமுக்கி வைத்தால் காற்றில்லாத நேரத்தில் இந்தப் படகு ஆச்சரியப்படுத்தும்.

கீலின் முனகல் மட்டும் போகவில்லை. ஐந்து நொட் தாண்டினால் முன்போலவே "ம்ம்ம்". பின்விளிம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டியும் பலனில்லை, ஆகவே குற்றவாளி தூக்குக் கம்பிதான். அது தண்ணீரில் அதிர்கிறது. அதற்கு ரப்பர் குழாய் போர்த்தலாம் என்கிறார்கள், அதுவும் ஓர் உரசல்தானே என்று யோசிக்கிறேன். உதிரிப்பாகத்துக்கு கலிபோர்னியாவின் கற்றலினா டைரக்ட்தான் கதி. எல்லாம் கிடைக்கும், எல்லை தாண்டி வருகிற செலவு பாகத்தின் விலையைத் தொட்டுவிடும்.

இடப்பக்கம் ஒக்டோபரில் படகு கரையேறிய பிறகு. அதற்குள் சுக்கான்: பின்னுக்குச் சாய்ந்த பழைய பலகை, காற்று எழும்பினால் கையைப் பிடுங்கும். நிமிர்ந்த, சுழலும் அச்சுக்கு முன்னாலும் கொஞ்சம் பரப்புள்ள சுக்கான் செய்து பார்க்க ஆசை. சீடர் பட்டிகளை ஒட்டிச் செதுக்கலாமா, தயாராக விற்கிற பிளாஸ்டிக் சுக்கானையே வாங்கலாமா என்று தெரியவில்லை. அச்சு வெட்டிய பலகை மிச்சம் இருப்பதால் செதுக்கும் பக்கமே மனம் சாய்கிறது. மாமா ஏற்கெனவே கதிரையைக் கராஜுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். கக்கூஸை இறக்கினால் பாரம் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன், அது இறங்கினால் தாங்களும் இறங்குவதாக மனிசியும் மகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.