ரோமில் நிலவறைக்குள் ஒரு காசுக் கூடம்

ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பலாட்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம் இருக்கிறது. வருகிறவர்கள் வெண்கலக் குத்துச்சண்டை வீரனைப் பார்த்துவிட்டு, மாடியில் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் தோட்டச் சுவரோவியங்களையும் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். காசுகள் நிலவறையில். அங்கே கூட்டமே இல்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று. கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம்.

தங்கக் காசு மின்னும், சரி, ஆனால் படம் பார்க்க வேண்டுமென்றால் செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய ரோமானியக் காசுதான். மூன்றரை சென்டிமீட்டர் வரை அகலம், 25 கிராம் எடை; டெனாரியஸ் என்ற சின்ன வெள்ளிக் காசில் இவ்வளவு இடம் ஏது? பேச்சுக்கு வெண்கலம் என்கிறோமே தவிர, அகஸ்டஸ் காலத்திலிருந்து அது பித்தளை. அடித்த புதிதில் மஞ்சளாகப் பளபளத்திருக்கும், இப்போது களிம்பேறிப் பச்சையும் கறுப்புமாகக் கிடக்கிறது.

அதற்கும் முந்தைய குடியரசுக் காலத்து வெண்கலக் காசுகளில் ஒரு பக்கம் இரட்டை முகக் கடவுள் ஜானஸ், மறுபக்கம் கப்பலின் முன்பகுதி. நாம் பூவா தலையா போடுகிற மாதிரி ரோமானியச் சிறுவர்கள் 'தலையா கப்பலா' என்று சுண்டியிருக்கிறார்கள்!

பேரரசர் டைட்டஸ் கி.பி. 80–81இல் வெளியிட்ட கொலோசியம் காசைத் தெரிந்துகொண்டு கொலோசியத்துக்குப் போனால் அந்த இடமே வேறாகத் தெரிகிறது. மேலேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள், உள்ளே புள்ளி புள்ளியாக ஜனங்கள், இன்று காலியாக நிற்கும் வளைவுகளுக்குள் சிலைகள், பக்கத்தில் மேட்டா சூடான்ஸ் என்ற கூம்பு வடிவ நீரூற்று. அந்த நீரூற்றின் மிச்சத்தை முசோலினி ஆட்சியில் 1936இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள், வயிற்றெரிச்சல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பேரரசர் நெர்வா கி.பி. 97இல் அடித்த காசு. ஒரு பக்கம் பேரரசனின் முகம், மறுபக்கம் இரண்டு கோவேறு கழுதைகள் மேய்கின்றன, பின்னால் அவிழ்த்துவிட்ட வண்டி. அரசாங்கத் தபால் போக்குவரத்துக்கு விலங்குகளும் வண்டியும் கொடுக்க வேண்டிய சுமையை இத்தாலிய ஊர்களுக்கு நீக்கிவிட்டேன் என்ற அறிவிப்பு அது! வரிச்சலுகையை இவ்வளவு அழகாக எந்த அரசும் விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை. போரில் தோற்றவர்கள் கட்டுண்டு அழுவதுபோல் படம் பொறித்த காசுகளும் ஏராளம், அவை முன்னால் ஏனோ அதிக நேரம் நிற்க முடியவில்லை.

போகிறவர்கள் கவனிக்க, திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.