சும்மா நிற்கும் சேர்வர்கள்

2022 பங்குனிக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. கிளிநொச்சியில் நாங்கள் பார்த்துவந்த சின்ன சேர்வர் கிளஸ்ரருக்கு, அதாவது சேர்ந்து கணிப்பு வேலை செய்யும் கணினிகளின் கூட்டத்துக்கு, ஜெனரேட்டர் இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. ஆராய்ச்சி மாணவர்களின் கணிப்புகள் பாதியில் அறுந்தன. குறைந்த மின்சாரத்தில் கூடிய வேலையை எப்படி வாங்குவது என்று அப்போது தேடத் தொடங்கியது, இன்றும் விடவில்லை.

எல்லோருடைய கையும் முதலில் ஏசி ரிமோட்டுக்குத்தான் போனது. அறை 18 பாகையில் உறைந்து கிடந்தது. சேர்வருக்குள் நுழையும் காற்று 27 பாகை வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் துறைப் பொறியியலாளர்களின் அஷ்ரே (ASHRAE) அமைப்பின் பரிந்துரை. நாங்கள் 25இல் வைத்தோம். அதற்கு மேல் போனால் சேர்வரின் விசிறிகள் வேகமெடுக்கும்; விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் வலு ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஏசியில் மிச்சம் பிடித்ததை விசிறி தின்றுவிடும். சேர்வர்களை அடுக்கியிருக்கும் றாக்கின் வெற்றிடங்களைத் தகடு போட்டு மூடியதும் பின்பக்கச் சூடு முன்னுக்குத் திரும்புவது நின்றது. ஆவணி வெக்கையிலும் அந்த அறை தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருந்தது. கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007இலேயே எழுதியிருக்கிறார்கள்: ஒரு வேலையும் செய்யாமல் நிற்கும் சேர்வர்கூட உச்ச வேலையில் இழுப்பதில் பாதியளவை இழுக்கும். புதிய இயந்திரங்கள் இதில் திருந்தியிருக்கின்றன. எங்களிடம் இருந்தவை பழையவை. எங்களோடு வேலைசெய்யும் மூத்த அண்ணை ஒருவர் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர். ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் அவருக்குப் பொறுக்காது. அவரும் வருடக்கணக்கில் அந்த றாக்கைக் கடந்துதான் போய்வந்தார். சும்மா நிற்கும் சேர்வரும் உழைக்கும் சேர்வரும் பார்வைக்கு ஒன்றுதான்.

வேலைகளை வரிசைப்படுத்தி இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லேர்ம் (Slurm) மென்பொருளில் இதற்கு வழி உண்டு. குறித்த நேரம் வேலை வராத இயந்திரத்தை அதுவே அணைக்கும், வரிசையில் வேலை விழுந்தால் எழுப்பும். மாணவர்கள் விரும்பவில்லை.

"அண்ணை, வேலையைப் போட்டிட்டு மெசின் எழும்பும்வரை பாத்துக்கொண்டு இருக்கோணுமே?"

"விடியவிடிய ஓடுற வேலைக்கு அஞ்சு நிமிசம் பெரிசோ தம்பி?"

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பகலில் சின்னச் சின்னச் சோதனைகள் ஓடும். அணைத்து அணைத்து எழுப்பினால் நேரமும் வீண், இயந்திரத்துக்கும் கேடு. அதனால் இரண்டு இயந்திரங்களை எப்போதும் விழித்திருக்க விட்டோம். கோப்புகள் இருக்கும் சேர்வரைத் தொடவேயில்லை.

புரொசசரின் வேகத்தைக் குறைப்பதில்தான் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு. வேகம் குறைந்தால் வோல்ற்றேஜையும் குறைக்கலாம். வலு வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு போவதால் இலாபம் பெரிதாகத் தெரியும். ஆனால் புரொசசரையே நம்பி ஓடும் கணிப்பு அப்போது நீண்டுபோகும். நீளும் நேரமெல்லாம் மெமறியும் விசிறியும் பவர் சப்ளையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வேலையை விரைவாக முடித்து இயந்திரத்தை அணைப்பதே பெரும்பாலும் மேல். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு, கனகராயன் ஆற்றிலிருந்து இரணைமடுக் குளத்துக்கு வரும் நீரைக் கணிக்கும் மாதிரி ஒன்று இங்கே ஓடியது. அது வேறு வகை: புரொசசர் பாதி நேரம் மெமறியிலிருந்து தரவு வரக் காத்திருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்தாலும் முடியும் நேரம் அதிகம் மாறாது. எல்லா இயந்திரத்தையும் சிக்கன நிலையில் வை என்று ஒரே வரியில் உத்தரவு போடுகிறவர்களுக்கு நான் இந்த இரண்டு வேலைகளையும்தான் காட்டுவேன். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

இப்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸில் நிற்பவை வேலைசெய்யும் இயந்திரங்கள் மட்டுமே. ஓடுகிற கணிப்பை இருந்த நிலையில் சேமித்து நிறுத்தப் பற்றரி போதுமாக இருக்கிறது. அடுத்த கொள்வனவுக்கு விலைமனு கோரும்போது, சும்மா நிற்கையில் எத்தனை வாற்று இழுக்கும் என்பதையும் விற்பவர் எழுதித் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறோம்.