டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பும் பிளஸ் டூ மார்க்கும்

அமெரிக்கக் கல்லூரியில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் என்றதும், முழுச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். 2023இல் நான் சேர்ந்தது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பின் இரண்டாம் டிவிஷன் கல்லூரி. அங்கே ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே நாலரை முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் பணம் தரலாம். அதைத்தான் கோச் எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். முதல் டிவிஷனிலும் அப்போது ஆண்களுக்கு அதே நாலரைதான். அங்கே பெண்கள் என்றால் எட்டுப் பேருக்கு முழுசாகக் கிடைத்தது. ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. மூன்றாம் டிவிஷனிலும் அப்படியே.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வாங்கினார். அகாடமியில் எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. மாவட்ட அளவில் வாங்கிய கோப்பைகளை எந்தக் கோச்சும் கேட்கவில்லை; ஆட்டத் தரத்தைக் காட்டும் யூடிஆர் எண் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

ஏஜென்ட் ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டார். கோச்சுகளின் மின்னஞ்சல் முகவரி கல்லூரித் தளங்களிலேயே இருக்கிறது, இதற்கு எதற்கு லட்சம்? நானே எழுதினேன். தலைப்பில் பெயர், சேரும் வருடம், யூடிஆர், கீழே வீடியோ. பாட்டு போட்டு வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம். அப்பாவின் போனைக் கோர்ட்டுக்குப் பின்னால் கம்பி வேலியில் கட்டி, தொடர்ந்து சில கேம்களை அப்படியே எடுத்தோம். தோற்ற பாயின்ட்டுகளும் அதில் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் இந்தக் கோச் பதில் போட்டார்.

ஜூமில் என் பேக்ஹேண்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, "பிளஸ் டூவில் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. நல்ல மார்க்குக்குக் கல்லூரி தனியாகத் தரும் மெரிட் பணம் அவருடைய நாலரைக் கணக்கில் ஏறாது. மார்க் நன்றாக இருக்கும் பையன் அவருக்கு மலிவு! கடைசியில் எனக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் மார்க்குக்காக வந்ததுதான். பயிற்சி இருக்கிறது என்று பள்ளிக்கு மட்டம் போடும் தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ரொம்பப் படுத்தியது, நமக்கு ஆடத் தகுதி இருக்கிறதா என்று சரிபார்க்கும் என்சிஏஏவின் எலிஜிபிலிட்டி சென்டர். கல்லூரி நம் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்த பிறகுதான் நம் ஃபைலை எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா வருட மதிப்பெண்ணும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? அது போகட்டும், நான் பத்தாவது முடித்தது 2021இல். கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, ஆல் பாஸ். சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும், மார்க் இருக்காது. அந்த வருடம் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாவது முடித்த யாருக்குமே மார்க் இல்லை என்பதை அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது? தலைமையாசிரியர் லெட்டர்ஹெட்டில் விளக்கம் எழுதி, முத்திரை குத்தி, அரசு அறிவிப்பின் நகலையும் இணைத்துக் கொடுத்தார். திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சென்டருக்குக் கட்டணம், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் சேவிஸுக்கு 350 டாலர், விசாவுக்குத் தனி. இதெல்லாம் எந்த ஸ்காலர்ஷிப்பிலும் வராது. விசா நேர்காணலில் மீதிப் பணத்தை யார் கட்டுவார் என்று மட்டும் கேட்டார்கள். வங்கிக் கடன் கடிதத்தைக் காட்டினேன்.

இப்போது முதல் டிவிஷன் கணக்கு மாறிவிட்டது. என்சிஏஏ மீதான வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை. டென்னிஸ் அணியில் பத்துப் பேர் என்ற வரம்புதான். பணம் தரலாம் என்றுதான் அர்த்தம், தருவார்கள் என்று இல்லை.

வந்த பிறகு இன்னொன்று காத்திருந்தது. டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் தரும் தொகைக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தருவதில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவில் நம் மாணவர்களுக்கு, வருமானத்தில் ஒரு தொகைக்கு வரி விலக்குத் தரும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு. வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவம் போட்டதில் எனக்குப் பிடித்த பணம் திரும்பி வந்தது. பிரேசிலுக்கு அப்படி ஒப்பந்தம் கிடையாது. என் இரட்டையர் ஜோடி பிரேசில்காரன். வரிப் படிவம் போட்ட அந்த ஏப்ரல் முழுக்க என்னை முறைத்துக்கொண்டேதான் ஆடினான்.