அமெரிக்க வரலாறு பேப்பர்: "அடிமைகளும் வேலையும்" கேள்வியை சாய்ஸ்ல விடாதீங்க

ரிசல்ட் வந்துருச்சு. எம்.ஏ.ல எனக்கு அதிக மார்க் அமெரிக்க வரலாறுலதான், அதுவும் பாதிப்பேர் சாய்ஸ்ல விட்ட கேள்விய எழுதி. கட்டாய உழைப்பை அடிமைகள் எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு வரலாற்றாசிரியர்கள் சொன்னதை விவாதிக்கணும். எங்களுக்குக் குடுத்த நோட்ஸ் ஃபிலிப்ஸ், ஸ்டாம்ப்ங்குற ரெண்டு வரலாற்றாசிரியர்களோட முடிஞ்சுது, மிச்சம் எங்கன்னு கேட்டா "அதெல்லாம் வராதும்மா"ன்னாங்க. வந்துச்சு.

பேட்டர்ன் தெரிஞ்சதுதான், அதனால நேரா விஷயம். பேர், வருஷம், கருத்துன்னு ஒப்பிச்சா எல்லார் பேப்பரும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு: ஒரு ஒடஞ்ச மண்வெட்டி. தெற்கு மாநிலங்கள்ல அடிமைகள் கருவிய ஒடைக்கிறாங்க, வேலைய இழுத்தடிக்கிறாங்க, ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்குறாங்கன்னு முதலாளிங்க புலம்புனது ஏகப்பட்டது இருக்கு, ஓம்ஸ்டெட் மாதிரி பயணிகளும் எழுதியிருக்காங்க. அந்த மண்வெட்டிய ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்துப் பாருங்க:

- கார்ட்ரைட், 1851. லூசியானா டாக்டர். ஒடைக்கிறது ஒரு வியாதியாம்! தப்பிச்சு ஓடுறதுக்கும் தனியா ஒரு வியாதிப் பேரு வச்சார். இவர் வரலாற்றாசிரியர் இல்ல, முன்னுரைக்கு மட்டும்.
- ஃபிலிப்ஸ், 1918. கருப்பர்களுக்குத் திறமையில்ல, அடிமைங்க வேலை பாத்த பெரிய தோட்டம்தான் (பிளான்டேஷன்) அவங்களுக்குப் பள்ளிக்கூடம்னார். கையில இருந்தது பெரும்பாலும் முதலாளிங்க ரெக்கார்டு.
- பாவர் தம்பதி, 1942. அதே ரெக்கார்டு மாதிரி ஆதாரம்தான், ஆனா இது அன்றாட எதிர்ப்புன்னு திருப்பிப் போட்டாங்க. 1956ல ஸ்டாம்ப் இதப் பெருசாக்குனார்.
- எல்கின்ஸ், 1959. அடிமை வாழ்க்கைய நாஜி வதை முகாமோட ஒப்பிட்டார். ரெண்டு வரி போதும்.

அப்புறம் 1974. இங்கதான் நிக்கணும், ஏன்னா ஒரே வருஷத்துல ரெண்டு புக் எதிரெதிரா வருது. வரலாற்றாசிரியர் ஜெனோவீஸ் என்ன சொல்றார்னா அடிமைகள் சோம்பேறியும் இல்ல, எப்பப் பாத்தாலும் போராளியும் இல்ல, கடிகாரம் வச்சு வேலை வாங்குறத ஏத்துக்கல, ஆனா சோளம் உரிக்கிற ராத்திரில பாட்டுப் பாடிக்கிட்டு கூட்டமா வெளுத்து வாங்குனாங்க, அது ஒரு தனி வேலை ஒழுங்குன்னு. பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஃபோகலும் எங்கர்மனும் கம்ப்யூட்டர் கணக்கோட வந்து, அடிமைப் பண்ணைங்க வடக்குப் பண்ணைகள விட 35% திறன் கூட, அடியை விடப் பரிசுதான் வேலை வாங்குச்சு, அடிமைகளே அந்த உழைப்பு ஒழுக்கத்தை ஏத்துக்கிட்டாங்கன்னாங்க.

அடி கம்மின்னதுக்கு அவங்க காட்டுன ஆதாரம் பென்னட் பாரோங்குற லூசியானா பருத்தி முதலாளியோட டைரி. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சராசரியா 0.7 தடவைதான் சவுக்கடின்னு கணக்கு. கேட்டா கம்மியாதான் தெரியும். 1975ல ஹெர்பர்ட் கட்மேன்ங்குற வரலாற்றாசிரியர் அதே டைரிய எடுத்து, ரெண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 160 தடவை சவுக்கடி, அதாவது நாலஞ்சு நாளைக்கு ஒருத்தர் எல்லார் கண்ணு முன்னாடியும் அடி வாங்குறார், அடுத்தவன் அதப் பாத்துக்கிட்டுதான் பருத்தி எடுக்குறான், இதுல சராசரி என்ன சொல்லும்னு கேட்டார். டைரி ஒண்ணுதான், வகுக்குற விதம் வேற. இதை மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதினேன், நீங்களும் எழுதுங்க. ஃபோகலுக்கு 1993ல நோபல் கிடைச்சதுன்னு ஓரமா போடலாம், எனக்கு அவர் மேல கோவம், நான் போடல.

நான் மெதுவா எழுதுறவ, அதனால பத்துப் பேர் பேர அடுக்குறது எனக்கு ஒத்து வராது. வேகமா எழுதுறவங்க இதையும் சேருங்க:

- தென் கரோலினா, ஜார்ஜியா கடலோர நெல் வயல்ல டாஸ்க் முறை. கால் ஏக்கர் மாதிரி ஒரு அளவு, முடிச்சா மிச்ச நேரம் உங்களது, சொந்தத் தோட்டம், கோழி, பன்னி. இத எழுதினவர் ஃபிலிப் மார்கன், 1982. பருத்தித் தோட்டத்துலயோ கும்பலா சூரியன் சாயுற வரைக்கும் வேலை. வேலை மேல இருந்த மனசே முறையப் பொறுத்து மாறுதுன்னு காட்ட இது ஒண்ணு போதும்.
- முன்னாள் அடிமைகள் பேட்டி, 1936-38, 2000க்கு மேல. பேசுனவங்க பலபேர் அடிமைக்காலத்துல சின்னப் பசங்க, கேட்டவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. இதச் சொல்லாம மேற்கோள் காட்டாதீங்க.

முடிவுரைக்கு "இவ்வாறாக"ன்னு இழுக்க வேணாம். கருப்பின வரலாற்றாசிரியர் டுபாய்ஸ் 1935லயே சொல்லிட்டார்: உள்நாட்டுப் போர் வந்ததும் லட்சக்கணக்கானவங்க தோட்டத்த விட்டு வடக்குப் படைப் பக்கம் போனது ஒரு பொது வேலைநிறுத்தம்னு. எங்க சிலபஸ்ல அவர் பேரே இல்ல. நான் கடைசிப் பத்தியில போட்டேன், யாரும் மார்க் கொறைக்கல.